எம்.எல்.ஏ. லெட்டர் எதுக்குலே பேராண்டி?

ஏலே, பாஸ்போர்ட்டு கெடையாதுன்னு ஒரு கடுதாசி வந்ததுக்கா நேத்துலேருந்து சோறு தண்ணி இல்லாமக் கெடக்கே? போலீஸ் ரிப்போர்ட்டுல ‘அட்வெர்ஸ்’னு, அதான் பாதகம்னு, போட்டுட்டானாம்லா. அந்த வார்த்தையச் சொல்லும்போது ஒன் மூஞ்சியப் பாக்கணுமே! ஆஸ்பத்திரியில பெரிய வியாதி பேரு எழுதிக் குடுத்த மாதிரி.

அப்படி என்ன கொலையா செஞ்சுட்டே? கோயில் கொடையில ரேடியோ செட்டுக்காரன்கூட சண்டை. நீ வஞ்சே, அவன் தள்ளுனான். ரெண்டு பேரு மேலயும் எஃப்.ஐ.ஆர். பழைய சட்டத்துல 294 பி, 323, 506. கெட்ட வார்த்தை, கைகலப்பு, மிரட்டல். நம்ம பக்கத்து ஸ்டேஷன்ல இந்த மூணு நம்பரும் ஒண்ண விட்டு ஒண்ணு பிரியாது. இது இல்லாத எளவட்டம் ஊர்ல எத்தனை பேரு, எண்ணிச் சொல்லு பாப்போம்.

சரி, அப்பீலுக்கு என்ன தயார் பண்ணிருக்கே? எடு அந்தப் பைய. எம்.எல்.ஏ. லெட்டரு. பஞ்சாயத்துத் தலைவர் குடுத்த நன்னடத்தைச் சான்று. அட, ஏழாங்கிளாஸ்ல கட்டுரைப் போட்டியில வாங்குன சர்டிபிகேட்டு வேறயா! வக்கீலு மனுவ அரசியல் சாசனத்துலேருந்து ஆரம்பிச்சிருக்காரு. ரேடியோ செட்டுக்கு எப்போ வந்து சேருவாரோ?

எய்யா, சட்டம் ஒன்ன நல்லவனான்னு கேக்கவே இல்லையே. 1967-ல போட்ட பாஸ்போர்ட் சட்டம். அதுல ஆறாம் பிரிவு என்ன கேக்கு? கிரிமினல் கோர்ட்டுல ஒன் மேல வழக்கு நடக்குதான்னு கேக்கு. கோர்ட்டுல, வெளங்குதா? ஸ்டேஷன் ரைட்டர் நோட்டுல இல்ல. எஃப்.ஐ.ஆர். எழுதி, குற்றப்பத்திரிகை போட்டு, மாஜிஸ்திரேட்டு அத கோப்புக்கு எடுத்து நம்பர் குடுத்தாத்தான் வழக்கு. வெறும் எஃப்.ஐ.ஆர். வழக்கு ஆகாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டும் பல தடவ சொல்லியாச்சு. ஒன் கேசு நம்பர் ஆச்சா? தெரியாது! தெரியாமலே எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல காலைலேருந்து நின்னிருக்கே.

நம்பர் ஆகலேன்னா அதக் கோர்ட்டுல எழுதி வாங்கு. வழக்கு முடிஞ்சு விடுதலைன்னா தீர்ப்பு நகல் வாங்கு. இன்னும் நடக்குன்னா, அதுக்கும் வழி இருக்கு. 1993 ஆகஸ்டுல கெவர்மெண்டே ஒரு அறிவிக்கை போட்டுது. கேசு நடக்க கோர்ட்டுலயே வெளிநாடு போக அனுமதி வாங்கிட்டு வந்தா, கோர்ட்டு சொல்லுத காலத்துக்குப் பாஸ்போர்ட்டு உண்டு. காலம் ஒண்ணும் சொல்லலேன்னா ஒரு வருஷத்துக்கு.

இன்னொண்ணு. ‘அட்வெர்ஸ்’ங்கது ஒரு காரணமாலே? இல்லேன்னு சொன்னா ஏன் இல்லேன்னு எழுதி வைக்கணும், கேட்டா நகல் குடுக்கணும். நாட்டுப் பாதுகாப்பு, அது இதுன்னு சிலதுக்குத்தான் விலக்கு. ரேடியோ செட்டுல என்ன நாட்டுப் பாதுகாப்பு? 1977-ல மேனகா காந்தி பாஸ்போர்ட்ட ஒப்படைக்கச் சொன்னாங்க. காரணம் கேட்டா ‘பொது நலன்’னு மழுப்பிட்டாங்க. இந்திராம்மா மருமகளுக்கே அந்தக் கதி! அந்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. ஒரு ஆளு சொல்லுதத காது குடுத்துக் கேக்கணும்னு 1978-ல தீர்ப்பு வந்துச்சு. ஒன் அப்பீலுக்கும் அதே கதைதான். ஒனக்குச் சொல்ல வாய்ப்புக் குடுக்காம அத முடிக்கக் கூடாதுன்னு பாஸ்போர்ட் சட்டம் பதினோராம் பிரிவுலயே இருக்கு.

கடுதாசி கையில கெடைச்சு முப்பது நாளு. அதுக்குள்ள டெல்லி, பாட்டியாலா ஹவுஸ் அனெக்ஸ், தலைமைப் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மனு போகணும். காரணம் எழுதுன ஆர்டர் நகலையும் கூட வை. வெசாரணைன்னதும் கூண்டுல ஏத்துவான்னு பயந்துராத, சினிமா பாத்துக் கெட்டது நீ. கேக்கப்போறது ஒண்ணுதான்: வழக்கு இருக்கான்னு அப்ளிகேஷன்ல கேட்டதுக்கு என்ன எழுதுனே?

‘இல்லை’ன்னு எழுதுனியாக்கும். ஏஜெண்டு எழுதுனானாம்! கையெழுத்து யாருது? மறைச்சு எழுதுனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்லேன்னா அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். ஆனா ஒரு கூத்தப் பாரு. கேசு கோர்ட்டுக்கே போகலேன்னா, ஏஜெண்டு கண்ண மூடிட்டு எழுதுன ‘இல்லை’ நெசமாப் போச்சு. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்துது, கோர்ட்டுல வழக்கு இல்ல, இந்தா பேப்பருன்னு சொல்லு. பாரதியார் பாட்டெல்லாம் எடுத்து விட்டுராத.

அது கெடக்கட்டும், டி.வி. பெட்டிக்குக் கீழ மதுரை ஆபீஸ் கவர் ஒண்ணு ஒட்டுப் பிரிக்காமக் கெடக்கே, அது என்ன? விளக்கம் கேட்டு வந்த நோட்டீசுலா! அப்பவே இந்தக் கோர்ட்டுப் பேப்பர வச்சுப் பதில் போட்டிருந்தா டெல்லி வரைக்கும் எதுக்குப் போகணும்? போன்ல ‘டிங்’குன்னா நடுச்சாமத்துலயும் முழிக்கே, கவரப் பிரிக்கக் கை வராதோ?

எந்திரி. மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போயி கேசு என்ன ஆச்சுன்னு மொதல்ல கேளு. எஃப்.ஐ.ஆர். நகல எடுத்துக்கோ. அந்த எம்.எல்.ஏ. லெட்டர இங்க வச்சுட்டுப் போ. முதியோர் பென்ஷனுக்கு ஒங்க ஆச்சி அலையுதா, பேர மட்டும் மாத்தித் தருவாரான்னு கேட்டுப் பாக்கேன்.