எந்த 13?

கேள்வி: பைபிளில் எந்தெந்தப் புத்தகம் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தானாமே?
– வாசகர், சிலிபின், ஈப்போ

பதில்: வாட்ஸ்அப் சொல்லியிருக்கும்! 325-இல் அவர் கூட்டிய நிக்கேயா சங்கத்தில் அடிபட்டது கிறிஸ்துவின் இறைத்தன்மையும் ஈஸ்டர் தேதியும்தான். இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் ஆயர் அத்தனாசியார் பட்டியல் போட்டது 367-இல். மன்னர் கண்மூடி முப்பது வருஷம் ஆகிவிட்டது. மன்னர் செய்தது, நல்ல தோலில் 50 பிரதிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. (303-இல் இதே நூல்களைக் கொளுத்தச் சொன்னவர் பேரரசர் தியோக்கிளேசியன். அதுவும் அரசாணைதான்!)

தேர்வு கான்ஸ்டன்டைன் கையில் இருந்திருந்தால், ஆள்வோருக்கு அடங்கி நடக்கச் சொல்லும் உரோமையர் 13-ஐ ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார். ஆட்சியைக் கடலிலிருந்து எழும் விலங்காகக் காட்டும் திருவெளிப்பாடு 13-ஐ விட்டுவைத்திருப்பாரா? அதே நூலின் 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் வணிகர்களின் சரக்குப் பட்டியல் வருகிறது: பொன், முத்து, இலவங்கப்பட்டை, மாவு, ஆடு, குதிரை, தேர்... கடைசி ஐட்டம், மனிதர்கள்.

கங்காணி கூட்டிவந்து பேராக் ரப்பர் தோட்டங்களில் இறக்கிய நம் பாட்டன்மாருக்கு அந்தப் பட்டியல் நன்றாகவே புரிந்திருக்கும். துரைக்கு எந்த 13 பிடித்திருக்கும் என்று கேட்கவா வேண்டும்?