வேர்டை நம்பாதேயும், மருமவனே!

மருமவனே, சார்ஜா கஃபேட்டீரியாவுல பரோட்டா வீசுற மாமன் பேசுதேன். துபாய் தேராவுல ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குற உமக்கு நான் புத்தி சொல்லக் கூடாதுதான். ஆனாலும் கேளும். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை நீரே டைப் அடிச்சு, "பேரு சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு வளைகுடா முழுக்க வேர்டு ஃபைலா அனுப்புனீராமே. பலே!

குவைத் சித்தப்பா திறந்தாரு. நீரு அடிச்சது பாமினி. அவருகிட்ட அந்த ஃபாண்டே கிடையாது. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். "மாப்பிள்ளைக்கு எந்த தேசம்?"னு கேக்காரு. வேர்டு ஃபைலு ஃபாண்டோட பேரைத்தான் வேய் கொண்டுபோவும், ஃபாண்டைத் தானாச் சுமக்காது. போற வீட்டுல பாய் இருந்தா உறக்கம், இல்லைன்னா வெறுந்தரை. தமிழ்நாடு அரசே 2010-ல யூனிகோடுக்கு ஆணை போட்டுட்டு. விண்டோஸ் 2000-லயே லதாங்கிற யூனிகோடு ஃபாண்ட் வந்தாச்சு. யூனிகோடுல அடிச்சிருந்தா, ஃபாண்ட் மாறுனாலும் அம்மா அம்மாவாத்தான் இருந்திருப்பா.

தோஹா அத்தை வீட்டுல வேற கூத்து. பேருகளை வரிசையா நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கீரு. அடுத்த பக்கம் போக என்டரா அமுக்கியிருக்கீரு. அங்க வேற ஃபாண்ட் வந்து உக்காந்ததும் எல்லாம் வழுக்கிட்டு. 'தாய்மாமன்' ஒரு பக்கம், என் பேரு மறுபக்கம், நாதஸ்வரக் கோஷ்டிக்குக் கீழ. என்னை ஊதச் சொல்லுதீரா? டேபும் பேஜ் பிரேக்கும் வேற எதுக்கு வச்சிருக்கான்? இதுல ஆபீஸ் அரபி லெட்டரைத் திறந்து அதுமேலயே அடிச்சிருக்கீரு போல. வலமிருந்து இடம் போற பத்தியில, நம்ம முற்றுப்புள்ளி வரிக்கு முன்னால வந்து காவல் நிக்கு.

மஸ்கட் மச்சானுக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காத் திறந்திருக்கு. அதான் ஆபத்தே! தன் பேரை உம்ம அப்பா பேருக்கு மேல ஏத்தி, கமுக்கமா சேவ் பண்ணி எல்லாருக்கும் அனுப்பிட்டாரு.

அடோபிக்காரன் 1993-ல பிடிஎஃப் கொண்டுவந்தான். 2008-ல அது சர்வதேசத் தரமாவே ஆயிட்டு. வேர்டுலயே 'சேவ் ஆஸ்' போனா பிடிஎஃப் இருக்கு. எழுத்து வடிவத்தையும் உள்ளயே முடிஞ்சுக்கிட்டுப் போவும். மச்சான்மாருக்கும் கை வைக்கது லேசு இல்லை. வேர்டுலதான் அனுப்பணும்னா, ஆப்ஷன்ஸ்ல 'சேவ்' பகுதிக்குப் போயி, ஃபாண்டையும் ஃபைலோட சேர்க்கச் சொல்லி ஒரு டிக் போடும்.

பாக்குறவனுக்கு பிடிஎஃப், திருத்துறவனுக்கு வேர்டு. கல்யாண வீட்டுல திருத்துற உரிமையை எல்லாருக்கும் குடுத்தா, பத்திரிகையில பொண்ணு பேரே மிஞ்சாது.

அதனால ஊருக்கெல்லாம் பிடிஎஃப் அனுப்பிரும். வேர்டு ஃபைலை எனக்கு மட்டும் தட்டிவிடும். தாய்மாமன் பேரு எந்த இடத்துல, எத்தனை பெரிய எழுத்துல வரணும்னு சும்மா ஒரு பார்வை பாத்துட்டுத் தாரேன்.