எண்ணத் தெரிந்தவர்கள் இங்கிலீஷ் எழுதுவது எப்படி?

முதல் வேலையாக, ஒன்றாம் வகுப்பில் படித்த ஒன்று, இரண்டை மறந்துவிடுங்கள். இங்கிலீஷில் எண்ண முடிவதற்கும் எண்ணலாம் என்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹாலில் நாலு நாற்காலி, ரெண்டு மேஜை கிடக்கிறது. தனித்தனியே சொன்னால் 'எஸ்' போடலாம். சேர்த்து 'ஃபர்னிச்சர்' என்றால் கூடாது. வங்கி கேஷியர் மெஷினில் விட்டுப் படபடவென்று எண்ணுகிறாரே, அந்த 'மணி'யும் எண்ண முடியாத பெயர்ச்சொல்தான். அங்கே வாதாட வேண்டாம், பின்னால் வரிசை நிற்கிறது.

பயிற்சிக்குச் சமையலறைதான் சரியான இடம். டப்பாக்களைத் திறங்கள். அரிசி, அதாவது 'ரைஸ்': எண்ணக்கூடாது. கோதுமையும் கூடாது. ஓட்ஸ் மட்டும் பிறக்கும்போதே பன்மை. அரிசியைவிடக் குட்டையான மைசூர் பருப்பு 'லெண்டில்ஸ்', தாராளமாக எண்ணலாம். பொடியாக இருப்பதை எண்ணுவதில்லை என்று யாராவது டீச்சர் விளக்கம் சொன்னால் இந்த டப்பாக்களைக் காட்டிவிட்டுச் சும்மா நில்லுங்கள். வெங்காயத்தை எண்ணலாம். பக்கத்திலேயே கிடக்கும் பூண்டைக் கூடாது. உரித்துப் பல் பல்லாக வைத்தால் 'கிளோவ்ஸ்' என்று எண்ணிக்கொள்ளலாம்.

பட்டாணி விஷயம் இன்னும் விசேஷம். முன்பு 'பீஸ்' என்பதே ஒருமை. கடைசியில் கேட்கும் ஒலியைப் பன்மை என்று நினைத்த இங்கிலீஷ்காரர்கள், 17-ஆம் நூற்றாண்டில் அதை நறுக்கிவிட்டு 'பீ' என்று ஒற்றைப் பட்டாணியைப் படைத்தார்கள். அவர்கள் செய்தால் இலக்கணம்; நாம் 'அட்வைஸஸ்' என்று எழுதினால் அரை மார்க் போச்சு.

தலைமுடி தலையில் இருக்கும்வரை 'ஹேர்'. சாம்பாரில் விழுந்த பிறகு எண்ணலாம். 'டூ ஹேர்ஸ்' என்று சர்வரிடம் தைரியமாகப் புகார் சொல்லுங்கள், இலக்கணம் உங்கள் பக்கம்.

எண்ணியே தீருவேன் என்பவர்கள் முன்னால் 'எ பீஸ் ஆஃப்' என்று ஒட்டிக்கொள்ளவும் (பட்டாணி இல்லை, துண்டு). ஃபர்னிச்சர், லக்கேஜ், நியூஸ், அட்வைஸ் எல்லாம் அதற்கு அடங்கும். 'மச்'சா, 'மெனி'யா என்று பேனா நின்றால் 'எ லாட் ஆஃப்' போட்டு நழுவுங்கள், இரண்டுக்கும் பொருந்தும். நழுவுவதில் வெட்கம் எதற்கு? 'லெஸ்' என்பதா, 'ஃப்யூவர்' என்பதா என்று ஆட்கள் சண்டை பிடித்ததில், பிரிட்டனின் டெஸ்கோ கடையே 2008-இல் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகைக்குப் பதில் 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாட்டித் தப்பித்தது.

அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டெண்டர் விளம்பரத்தில் 'எக்யூப்மென்ட்ஸ்' என்று வந்துவிட்டால் கை வைக்காதீர்கள். அந்த ஒரு 'எஸ்'ஸை எடுக்கத் திருத்த அறிவிப்பு போட வேண்டும், அதற்கு ஃபைல் மேலே போக வேண்டும், திரும்பி வரும்போது அதில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பச்சை மையில் எழுதியிருக்கும்.