பூட்டு ஒன்று, கணக்கு மூன்று

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஒரு பூட்டின் சிரமம் 15 என்று வையுங்கள். இருபது முகப் பகடையில் விழுந்ததோடு திறமைப் புள்ளியைக் கூட்டி 15 அல்லது அதற்கு மேல் வந்தால் பூட்டு திறக்கும். அதே பூட்டை இன்னொரு ஆட்டமான 'கால் ஆஃப் கதுலு'வுக்குக் கொண்டுபோகச் சிலருக்கு ஆசை. அங்கே பூட்டுக்கு எண்ணே கிடையாது. உங்கள் திறமை நூற்றுக்கு எத்தனையோ, அதற்குள் பகடை விழ வேண்டும். கடினமான பூட்டென்றால் திறமையில் பாதி. மகா கடினம் என்றால் ஐந்தில் ஒன்று.

'கர்ப்ஸ்' ஆட்டம் இன்னும் விசேஷம்: மூன்று பகடையின் கூட்டுத்தொகை திறமைக்குள் விழ வேண்டும். பூட்டு கடினம் என்று திறமையில் 2 புள்ளி குறைத்தால், திறமை 10 உள்ளவரின் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 26க்குச் சரியும். 16 உள்ளவருக்கோ 98 போய் 91, அவ்வளவுதான்.

ஆகவே எக்செல் விரித்து, நிகழ்தகவு போட்டு, தசமப் புள்ளி சுத்தமாக மாற்று அட்டவணை தயாராகிறது. ஆட்டத்தன்று வீரர் பகடையை உருட்டுகிறார், ஒன்று குறைகிறது. பூட்டு திறக்காவிட்டால் கதை நகராது என்பது ஆட்டத்தை நடத்துபவருக்குத் தெரியும். "சரி, திறந்துடுச்சு, உள்ளே போங்க" என்கிறார்.

எந்த ஆட்டமுறையிலிருந்தும் எந்த ஆட்டமுறைக்கும் பிசகாமல் மாறும் விதி இது ஒன்றுதான்.