உன்ற ஜெட்டு நெம்பரு என்ன கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணைல உக்காரு. ஆர்எக்ஸ் 100 வாங்கிப்போட்டயாமா? வண்டி வர்றதுக்கு முந்தி சத்தம் ஊருக்குள்ள வந்துருச்சே! 1985ல வந்து 1996லயே நின்னுபோன வண்டி. அதுக்குப் போயி இத்தன வெலையா? செரி, காசு உன்றது. நான் எதுக்குக் கேக்கறேன்.

அதென்ன பையில சின்னச் சின்னப் பித்தளைத் துண்டு? கார்புரேட்டர் ஜெட்டா? அட கெரகமே, நெம்பருக்கு ஒண்ணா வாங்கியிருக்கறயா? ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னு போனுல படிச்சுட்டு வந்து எனக்கே பாடம் சொல்றே. அது எடைக் கணக்கு சாமி. காத்த எடை போடற தராசு உங்கிட்ட இருக்குதா?

"மெயின் ஜெட்டுத்தான் மாத்தோணும்"ங்கறே. மெயின் ஜெட்டுக்கு ஆட்சி எப்ப வருதுன்னு தெரியுமா? ஆக்சிலேட்டர முக்காலுக்கு மேல முறுக்குனாத்தான். உன்ற ஊட்டுல இருந்து டீக்கடை வரைக்கும் மூணு வேகத்தடை, நடுரோட்டுல ஒரு எருமை. எங்க கண்ணு முழுசா முறுக்குவே? ஐடிலிங்குக்கும் அரைக்கால் முறுக்குக்கும் பெட்ரோல் குடுக்கறது ஸ்லோ ஜெட்டு. அப்புறம் கால்பங்கு வரைக்கும் ஸ்லைடோட அடிவெட்டு. காலுக்கு மேல முக்கால் வரைக்கும் ஊசி. நீ நாள் முச்சூடும் பொழைக்கறது ஸ்லோ ஜெட்டுலயும் ஊசிலயும். காசக் கொட்டறது மெயின் ஜெட்டுக்கு!

வண்டி எங்க தடுமாறுதுன்னு கேட்டா "நாப்பதுல"ங்கறே. மீட்டர் முள்ளுக்கு இங்க என்ன சோலி? எத்தன முறுக்குலன்னு சொல்லு. கைப்பிடி மேல சித்தெ வெள்ளை டேப் ஒட்டு. பக்கத்துல அசையாத எடத்துல ஒரு கோடு. டேப்புல கால், அரை, முக்கால்னு பேனாவால கிழி. எந்தக் கோட்டுல இருமுதோ, அந்த எடத்துக்குப் பொறுப்பானவனப் புடி. டேப்புக்கு எவ்வளவு ஆகப்போகுது? ஆனா படம் புடிச்சு ஊருக்குக் காட்ட முடியாது. அதுதான உனக்கு மனசு வரல?

ஊசில அஞ்சு வெட்டு இருக்கும், பாத்தயா? கிளிப்ப மேல் வெட்டுக்கு ஏத்துனா ஊசி எறங்கும், பெட்ரோல் கொறையும். கிளிப்பக் கீழ எறக்குனா ஊசி ஏறும், பெட்ரோல் சேரும். இங்கதான் கெட்டிக்காரனெல்லாம் குப்புற விழுவான். கிளிப்ப மேல மாட்டிப்போட்டு, "ரிச் பண்ணிட்டேன்"னு மீசைய முறுக்குவான். ஒரு தடவைக்கு ஒரு வெட்டு. ஊசியும் மாத்தி, ஜெட்டும் மாத்தி, ஏர் ஸ்க்ரூவையும் திருகுனா, எது குணமாச்சு, எது கெட்டுச்சுன்னு எந்தச் சாமியக் கேப்பே?

மாட்டுக்குத் தீனி ஒத்துக்குதான்னு சாணியப் பாத்துத் தெரிஞ்சுக்கறமில்ல? வண்டிக்கு பிளக்கு. ஒரே முறுக்குல கொஞ்ச தூரம் நெலையா ஓட்டு. கிளட்சப் புடிச்சு, அப்படியே சாவிய ஆப் பண்ணி, ஓரங்கட்டிக் கழட்டிப் பாரு. நடுப் பீங்கான் காப்பித்தூள் நெறத்துல இருந்தா வண்டி நல்லா செரிக்குது. கன்னங்கரேல்னு கரி புடிச்சிருந்தா பெட்ரோல் அதிகம். வெள்ள வெளேர்னு இருந்தாத்தான் கண்ணு பயப்படோணும். காத்து அதிகம், சூடு அதிகம். கறுப்புக்குப் பெட்ரோல் காசு தண்டம், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்குல வெளுத்தா பிஸ்டனே ஜாம் ஆயிரும். போற போக்குல பின்சக்கரம் பூட்டிக்கும். அப்ப பையில இருக்கற ஜெட்டா வந்து தாங்கும்?

அதுக்காக எதையுமே தொடாதேன்னு சொல்லல. இப்ப பங்க்குல ஊத்தறது இ20. நூத்துக்கு இருபது எத்தனால். அது தனக்குள்ளயே ஆக்சிஜன வெச்சுக்கிட்டு வருது. அதனால அதே ஜெட்டுல வண்டி கொஞ்சம் லீனாத்தான், அதாவது காத்து தூக்கலாத்தான் ஓடும். புது இன்ஜெக்ஷன் வண்டிக்கு அத மோந்து பாக்க சென்சார் உண்டு. உன்ற வண்டிக்கு நீதான் சென்சார். பிளக்கு வெளுத்திருந்தா கிளிப்ப ஒரு வெட்டு எறக்கறதுல ஞாயம் உண்டு. ஊட்டிக்குப் போனா கதை வேற. 2,240 மீட்டர் ஒசரம், காத்து மெலிசு. கீழ நல்லா ஓடுன வண்டி அங்க பிக்கப் இல்லாம மொனகும். அங்க எவனாவது சின்ன ஜெட்டுப் போட்டுக் குடுத்தா, மேட்டுப்பாளையம் எறங்குனதும் பழைய ஜெட்ட மாட்டிரு. "மலைல சூப்பரா போச்சு"ன்னு அதையே வெச்சு வெயில்ல வெரட்டாதே.

ஜெட்டு அடைச்சா குண்டூசி விட்டுக் குத்தாதே. பித்தளை. ஓட்டை பெருசாச்சுன்னா மேல அடிச்சிருக்கற நெம்பரு வெறும் பொய்யி. காத்தடிச்சு ஊது, போதும். ஏர் ஸ்க்ரூவ முழுக்க மூடறப்ப இறுக்காதே, மொனை போயிரும். மெதுவா மூடி, ஒண்ணரைச் சுத்துத் தொறந்து, சூடான இன்ஜின்ல கால் கால் சுத்தா ஐடிலிங் ஏறற எடம் பாரு. இதெல்லாம் நிமிச வேலை.

ஆனா அதுக்கு முந்தி கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர வளைச்சுப் பாரு. வெடிச்சிருந்தா அந்த வழியாக் கள்ளக்காத்து உள்ள போகும். அப்ப நீ எந்த நெம்பரு ஜெட்டுப் போட்டாலும் வண்டி மொரண்டுதான் புடிக்கும்.

வாங்கறப்ப வண்டி நல்லாத்தான ஓடுச்சு? அப்புறம் என்ன பண்ணுனே? ஏர் பில்டர் டப்பாவக் கழட்டிப்போட்டு கூம்புப் பில்டர் மாட்டுனே. சத்தத்துக்கு ஒரு சைலன்சர் மாட்டுனே. காத்த நீயே தொறந்து விட்டுப்போட்டு, இப்ப பெட்ரோல் பத்தலைன்னு கடை கடையா ஜெட்டு தேடறயே, இது ஆருக்கு வந்த வெனை?

பழைய டப்பாவ எடுத்துட்டு வா, ரெண்டு பேருஞ் சேந்து மாட்டுவோம். என்னது, பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டயா? கிலோ என்ன வெலைக்கு எடுத்தான்?