மோகனம், ஒரு கட்டை மேலே

சங்கீதம் தெரிந்தவர்கள் நிறைந்த வீட்டில் சங்கீதம் தெரியாதவனுக்கென்று ஓர் எடுபிடி வேலை காத்திருக்கும். எங்கள் வீட்டில் அது நொட்டேஷனைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. மகள் வயலினில் கிரேடு பரீட்சை கொடுப்பவள். மனைவி பிறந்த வீட்டிலேயே வர்ணம் வரை முடித்துவிட்டு வந்தவள். எனக்கு மியூஸ்ஸ்கோரைத் திறக்கத் தெரியும். இலவச மென்பொருள்தானே என்று என் சம்மதத்தையும் இலவசமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கொலுவுக்கு மகள் வாசிக்க, என் தங்கை மகள் பாட ஏற்பாடு. மோகனத்தில் ஒரு சின்ன மெட்டு. அதை ஐந்து கோட்டில் ஏற்றும்போதே ஒரு சுரம் ஓர் அட்சரம் முந்தி விழுந்துவிட்டது. வலது பக்கம் தள்ளினால் தீர்ந்தது என்று வலது அம்புக்குறியை அழுத்தினேன். சுரம் அசையவில்லை, அதன் மேல் இருந்த நீல நிறம் மட்டும் அடுத்த சுரத்துக்குத் தாவியது. டெலீட் அடித்தேன். சுரம் போனது, அதே அளவில் ஒரு ரெஸ்ட் வந்து உட்கார்ந்தது. ரிசர்வேஷன் பெட்டியில் ஒருவர் விழுப்புரத்தில் இறங்கிவிட்டார் என்பதற்காக மற்றவர்கள் எல்லோரும் ஒரு பெர்த் நகர்ந்து படுப்பதில்லை அல்லவா, அந்தச் சட்டம்தான். நாலு அட்சரம் என்று எழுதிய பாரில் நாலு அட்சரம் இருந்தே தீர வேண்டும்.

விடுவேனா? மீதி மெட்டு முழுவதையும் கட் செய்து ஓர் அட்சரம் தள்ளி ஒட்டினேன். பார் கோட்டின் மேல் கால் வைத்த சுரங்களையெல்லாம் மென்பொருள் இரண்டாகப் பிளந்து, நடுவே டை போட்டுக் கட்டிவிட்டது. கணக்கில் துளி பிசகில்லை. பார்க்கத்தான் கட்டுப்போட்ட வார்டு மாதிரி இருந்தது.

பண்புகள் பலகத்தில் ஆஃப்செட் என்று ஓர் எண் இருக்கிறது. அதைக் கூட்டினால் தாளில் சுரம் தள்ளி நிற்கும். ஒலிக்க விட்டால் பழைய இடத்திலேயே ஒலிக்கும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

அப்போது மனைவி காபியோடு வந்தாள். "ராஜா சார் முழு சிம்பொனியையும் பேப்பர்ல எழுதிட்டு, லண்டன்ல வாசிக்க வச்சுட்டும் வந்துட்டார். நீங்க இன்னும் முதல் வரியிலேயா இருக்கீங்க?" அது நடந்தது 2025 மார்ச் 8, அன்றிலிருந்து எனக்கு இந்த உதாரணம்தான். 1890-களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கைப்பணத்தைக் கொட்டி நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு நொட்டேஷனில் அச்சிட்டாரே, அந்தப் பரம்பரை நான் என்றேன். அவள் காபி டம்ளரை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

ஒருவழியாக மெட்டு ஏறியது. ஒரு கட்டையில், அதாவது 'சி'யில். உடனே தங்கை மகளிடமிருந்து போன்: "மாமா, எனக்கு ரெண்டு கட்டை வேணும். ஒரு கட்டை ஏத்திக் குடுத்துடுங்க, அவ்வளவுதான்."

'சி'க்கு அடுத்தது 'டி'. கோட்டில் இருப்பது இடைவெளிக்கு, இடைவெளியில் இருப்பது கோட்டுக்கு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஆல்ட், ஷிஃப்ட், மேலம்பு. மொத்த மெட்டும் ஒரு படி ஏறிப் பளிச்சென்று நின்றது. ஸ்பீக்கரைத் திருகி ஒலிக்க விட்டேன்.

கொலுப்படிக்குத் துணி விரித்துக்கொண்டிருந்த அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "டிவியை அணைடா! நல்ல நாளும் அதுவுமா யாரோ செத்த சீன் போடறான்!"

டிவி ஓடவில்லை. என்னதான் நடந்தது என்று மகள் வந்து விளக்கினாள். கோட்டில் ஒரு படி என்பது எல்லா இடத்திலும் ஒரே தூரம் இல்லையாம். 'சி'யிலிருந்து 'டி' முழு சுரம். 'ஈ'யிலிருந்து 'எஃப்' அரை சுரம். மோகனத்துக்கு சி, டி, ஈ, ஜி, ஏ. ஒவ்வொன்றையும் ஒரு படி ஏற்றினால் டி, ஈ, எஃப், ஏ, பி. சட்ஜம், ரிஷபம், பஞ்சமம், தைவதம் எல்லாம் ஒழுங்காகக் குடியேறிவிட்டன. காந்தாரம் மட்டும் அரை சுரம் குறைவாக ஏறி, அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிவிட்டது. மோகனத்தில் அதை மட்டும் மாற்றினால் அதற்குப் பெயர் சிவரஞ்சனி. தமிழ் சினிமாவில் கதாநாயகி கைவிடப்படும்போது வயலின்கள் எதை வாசிக்குமோ, அது.

ஒரே சுரம்! மனிதனின் சுகதுக்கமெல்லாம் ஒரு 'எஃப்' ஷார்ப்பில் இருக்கிறது என்று நான் தத்துவத்தில் இறங்குவதற்குள், மகள் கன்ட்ரோல் இசட் அடித்தாள். பிறகு வெறும் மேலம்பை இரண்டு தட்டு. ஒரு தட்டுக்கு அரை சுரம், எல்லாச் சுரங்களுக்கும் சமமாக. 'எஃப்' வந்த இடங்களில் மட்டும் ஷார்ப் முளைத்தது. மோகனம் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. அம்மாவும் டிவி நிலையத்தாரை மன்னித்தாள்.

மியூஸ்ஸ்கோரில் சுருதி மாற்றப் போகும் அன்பர்களுக்கு: கருவிகள் மெனுவில் டிரான்ஸ்போஸ் என்று தனியாகவே ஒரு கட்டளை இருக்கிறது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று சொன்னால், தொடக்கத்தில் போடும் ஷார்ப் குறிகளையும் அதுவே மாற்றிக்கொள்ளும். எதைச் செய்தாலும் அச்சிடும் முன் ஒருமுறை ஒலிக்க விடுங்கள். அந்த நேரம் வீட்டில் காது கேட்கும் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது.