கிளை பார்க்கும் படலம்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒருவர் அண்ணாந்தபடி நடந்து வந்தால், கோபுரம் பார்க்க வந்த வெளியூர்க்காரர் என்று இரக்கப்பட்டு வழி சொல்லப் போகாதீர்கள். உள்ளூர்தான், எங்கள் மாடிக் குடியிருப்புக்காரர். வீட்டில் இகுவானா வளர்க்கிறார். அது ஏறிப் படுக்க ஒரு கிளை வேண்டுமாம்.

திருச்சி பெல் நிறுவனத்தில் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்து ஓய்வு பெற்றவர். தட்டிப் பார்க்கக் குழாய் இல்லாமல் போகவே மரங்களைப் பிடித்துக்கொண்டார். நமக்குக் கிளையாகத் தெரிவது அவருக்கு வரன். முதலில் குலம் விசாரிப்பார். இலையைக் கிள்ளுவார், பால் வடிந்தால் பேச்சு அங்கேயே முறிந்தது. அரளி, எருக்கு, கள்ளி இருக்கும் தெருவுக்குள்ளேயே நுழையமாட்டார். “இவன் எதையும் நாக்கால தொட்டுப் பார்த்துத்தான் சார் தெரிஞ்சுக்குவான். ஒரு நக்கு போதும்!” மாமரத்தின் பால் தோலைப் பொத்துப்போக வைக்கும், வேண்டாம். தைலமரம் வாடை, வேண்டாம். முருங்கை இலை சாப்பாட்டுக்கு உண்டு. கிளைக்கு முதுகெலும்பு இல்லை. வேம்பு விஷயத்தில் தீர்ப்பு ஒத்திவைப்பு: பூச்சியைக் கொல்லும் கசப்பு பல்லி வம்சத்தை என்ன செய்யுமோ? கொய்யா, புளி, செம்பருத்தி என்றால் முகம் மலரும். அதுவும் சாலையோரத்தில் வளர்ந்திருக்கக் கூடாது, பூச்சிமருந்து பட்டிருக்கக் கூடாது.

குலம் சரியென்றால் அங்க லட்சணம். பையிலிருந்து வெர்னியர் காலிப்பர் வெளியே வரும். கிளையின் பருமன் இகுவானாவின் உடம்புக்குக் குறையக் கூடாது. மெலிந்தால் அது படுக்காது, தொங்கும். நகம் பிடிக்கப் பட்டை சொரசொரவென்று இருக்க வேண்டும், ஆனால் உரியக் கூடாது. கூண்டுக்குள் சாய்த்து நிறுத்த வளைவு வேண்டும். வளைவின் உச்சி விளக்குக்குப் பக்கத்தில் போனால் முதுகு வெந்துவிடும். இத்தனையும் அடுத்தவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி நின்றுகொண்டு. அந்த வீட்டுக்காரர் திருடன் என்று கத்தினால்கூட, “கொஞ்சம் இருங்க சார், நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்” என்பார்.

சந்திர புஷ்கரணிக் கரையில் அவர் செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஸ்ரீரங்கத்தின் தலவிருட்சம் புன்னை. எல்லோரும் சுற்றிவந்து கும்பிடுகிறார்கள். இவர் கீழே கிடந்த இலையின் காம்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “பால் இருக்கு, ஆகாது” என்றார். அவர் வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருவானைக்காவலில் வெண்ணாவல் மரத்தடியிலாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? “நல்ல இடம்தான், பால் இல்லை. ஆனா கோயில் சொத்து” என்று பெருமூச்சு விட்டார்.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் பெண்கள் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தபோது, இவர் கண் மிதந்து வந்த ஒரு கட்டையில் இருந்தது. காவிரியே இழைத்துக் கொடுத்த மாதிரி வடிவு. போலீஸ்காரர் விசில் ஊத, வேட்டி நனைய இழுத்துக் கரையேற்றி, மோந்தார், சுரண்டினார். “என்ன மரம்னே தெரியலை. ஊர் பேர் தெரியாதவனை வீட்டுக்குள்ள விடறதா?” மறுபடி ஆற்றிலேயே தள்ளிவிட்டார்.

ஏன் சார், நம்மூர் ஓணானே தனக்கு வேண்டிய வேலியைத் தானே பார்த்துக்கொள்கிறதே என்றால் சட்டம் பேசுவார். உடும்பையும் நட்சத்திர ஆமையையும் 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடவிடாது. தென்னமெரிக்க மரவாசிக்கு 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். பதிவுச் சான்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிக்கினவே, அந்தச் செய்தியை எடுத்தால் மட்டும் குரல் மாறும். “அம்மாம் தூரம்! பிடிச்சுக்க ஒரு குச்சி வச்சிருப்பானா சார், பாவி?” அந்த ஒரு கேள்விக்காக அவரைப் பல நாள் மன்னித்திருக்கிறேன்.

ஒருவழியாகக் கொய்யாக் கிளை ஒன்று அமைந்தது. கொதிநீர் ஊற்றி, சோப்பில்லாமல் தேங்காய் நாரால் தேய்த்து, மொட்டைமாடியில் நாள் கணக்கில் காயப்போட்டார். வார்னிஷ் தொடக்கூடாதாம். கூண்டில் அசையாமல் முடுக்கினார். அசைந்து விழுந்தால் கால் முறியுமே. இகுவானா ஏறியது, நீட்டிப் படுத்தது, கண்ணை மூடியது. வேறொருவராக இருந்தால் மரம் பார்ப்பதை அத்தோடு விட்டிருப்பார். இவர் மறுநாளே மேலூர்ப் பக்கம் கிளம்பிவிட்டார், இதைவிட நல்ல வளைவு இருக்கலாமாம்.

தேறாத வரன்களெல்லாம் எங்கள் மாடிப்படியில் சாய்ந்து கிடக்கின்றன. காஸ் சிலிண்டர் தூக்கி வருகிற பையன் தினம் திட்டுகிறான், என்னை. கொய்யாவோடு வந்த கட்டெறும்பு இரண்டாம் மாடிவரை குடித்தனம் வந்துவிட்டது. மருந்தடிக்கலாம் என்றால் அவர் விடமாட்டார், இகுவானாவுக்கு ஆகாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிளையை வேகவைக்க என் வீட்டிலிருந்து வாங்கிப்போனது தீபாவளிக்கு வெந்நீர் போடும் செப்பு அண்டா. கேட்டால், “அடுத்த கிளையும் முடிஞ்சிடட்டுமே சார்” என்கிறார்.